பக்கத்து ஊர் பாட்டில்

பிரான்சின் துலூஸ் நகரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

“வணக்கம் அண்ணா. சொந்த ஊர் கோயம்புத்தூர். வேலைக்காகத் துலூஸ் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் ஒரு ஒயின் பாட்டிலோடு போவதுதான் வழக்கம் என்கிறார்கள். எனக்கு அதில் அ, ஆ கூடத் தெரியாது. முதல் தடவை சூப்பர் மார்க்கெட்டில் 19 யூரோ கொடுத்து ‘சாந்த்-எமிலியோன் கிரான் க்ரூ’ என்று தங்க எழுத்து போட்ட பாட்டில் ஒன்றை வாங்கிப் போனேன். மெடல்கூட ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார், திறக்கவே இல்லை. மனசு கேட்காமல் அதையே இன்னொன்று வாங்கி வீட்டில் குடித்துப் பார்த்தேன். பாக்கு மென்ற மாதிரி வாயெல்லாம் இழுத்தது. அடுத்த தடவை வேறொரு வீட்டில் மீன் என்றார்கள். ‘ஜுரான்சோன்’ என்று ஒரு வெள்ளை ஒயின் எடுத்துப் போனேன். அன்றைக்கு என் துரதிர்ஷ்டம், திறந்துவிட்டார்கள். சர்பத் மாதிரி இனிப்பு! இன்னும் மூன்று வாரத்தில் ஒரு நண்பர் வீட்டில் கஸ்ஸுலே விருந்து, பீன்ஸும் வாத்தும் போட்ட இந்த ஊர்ச் சாப்பாடு. அடுத்த மாதம் அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைக்கிறோம். மனைவி மீன் குழம்பும் கோழி வறுவலும் செய்வாள். 12 யூரோவுக்கு மேல் செலவழிக்க மனம் வரவில்லை. வெள்ளையும் சிவப்பும் எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? என் மனைவி குடிப்பதில்லை, நானும் ஒரு கிளாஸோடு சரி.”

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த அலமாரி விஷயத்தை முடித்துவிடலாம். உங்கள் பாட்டிலைத் திறக்காதது அவமரியாதை இல்லை. பிரெஞ்சு வீடுகளில் விருந்துக்கு அழைப்பவர், சமைக்கிற சாப்பாட்டுக்குத் தோதான ஒயினை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார். சிவப்பென்றால் சில சமயம் முன்பே திறந்தும் வைத்திருப்பார். விருந்தாளி கொண்டுவருவது வீட்டுக்கு வந்த பரிசு. இன்னொரு நாளைக்கு ஆகும். நம் ஊரில் விருந்துக்குப் போகிறவர் கொண்டுபோகிற ஸ்வீட் பாக்ஸ் அப்போதே பிரிக்கப்படுவதில்லை அல்லவா, அதே கதைதான்.

நான் லியோனுக்கு வந்த முதல் வருடம் இதைவிட மோசம். ஒரு உணவகத்தில் மேசை துடைக்கிற வேலை. முதலாளி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் கடையில் நின்று, இருப்பதிலேயே கனமான பாட்டிலாகப் பார்த்து வாங்கினேன். கண்ணாடி தடிமனாக இருந்தால் உள்ளே இருப்பதும் உசத்தியாக இருக்கும் என்று எண்ணம். அவர் லேபிளைப் பார்த்தார், சிரித்தார், நேராக அடுப்பங்கரைக்குப் போய் மாட்டிறைச்சிச் சட்டியில் பாதியை ஊற்றினார். “நல்லவேளை, சமையலுக்கு ஒயின் தீர்ந்துபோயிருந்தது” என்றார். பின்னால் பத்து வருடம் சொமலியேயாக, அதாவது உணவகத்தில் ஒயின் தேர்ந்து கொடுப்பவனாக இருந்து, இப்போது சொந்தமாகச் சின்னதாக ஒரு ஒயின் கடை நடத்துகிறேன். இன்றைக்கும் கனமான பாட்டிலைக் கண்டால் அந்தச் சட்டிதான் நினைவுக்கு வரும்.

சரி, உங்கள் முதல் பாட்டிலுக்கு வருவோம். ‘கிரான் க்ரூ’ — உயர்ந்த விளைநிலம் — என்ற இரண்டு சொல்தான் உங்களை ஏமாற்றியது. பர்கண்டி என்ற ஒயின் வட்டாரத்தில் அந்தச் சொல் இருந்தால் அது உச்சி; மொத்தமே 33 கிரான் க்ரூ நிலங்கள்தான், விலை நம் பக்கமே வராது. அல்சாஸில் 51 சரிவுகளுக்கு அந்தப் பட்டம் உண்டு. ஆனால் போர்தோ வட்டாரத்துச் சாந்த்-எமிலியோனில் ‘கிரான் க்ரூ’ என்பது ஒரு தனி அப்பெலாசியோன், சட்டம் காக்கிற ஊர்ப் பெயர், அவ்வளவே. கொஞ்சம் கூடுதலான விதிகளுக்கு உட்பட்டால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்கிறவர்கள் நூற்றுக்கணக்கில். நிஜமான தர வரிசை வேறு, அதற்கு ‘கிரான் க்ரூ க்லாஸே’ என்று மூன்றாவது சொல் ஒன்று வேண்டும். 2022இல் வெளியான பட்டியலில் அப்படி மொத்தம் 85 தோட்டங்கள்தான். அந்த ஒற்றைச் சொல் இல்லாத பாட்டில் நன்றாகவும் இருக்கலாம், சுமாராகவும் இருக்கலாம். உங்கள் 19 யூரோவில் கணிசமான பங்கு ஊர்ப் பெயருக்குப் போனது.

அப்புறம் அந்தப் பாக்கு. அதைக் குறையாகச் சொன்னீர்கள், ஆனால் சரியான சொல்லைச் சொல்லிவிட்டீர்கள். சிவப்பு ஒயினில் இருக்கும் தானின் என்ற பொருளின் சுவை துவர்ப்பு. நமக்கு அறுசுவையிலேயே அது இருக்கிறது. வாழைப்பூ, பாக்கு, மாதுளைத் தோல், பால் ஊற்றாத கடுந்தேநீர் என்று நாக்குக்குப் பழகிய சுவை. ஒயின் வகுப்புகளில் தானினை விளங்கவைக்க வாத்தியார் படாத பாடு படுவார். தமிழில் சொன்னால் ஒரே சொல்லில் முடிந்தது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து அது வருகிறது. உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் இழுக்கிறது. இறைச்சியோடும் கொழுப்போடும் குடித்தால் அந்த வேலை அங்கே நடக்கும், வாய் தப்பிக்கும். நீங்கள் இளசான போர்தோ சிவப்பை வெறும் வயிற்றில், சோபாவில் உட்கார்ந்து குடித்திருப்பீர்கள். யாருக்கும் இழுக்கத்தான் செய்யும்.

இரண்டாவது பாட்டிலில் உங்கள் மேல் தப்பே இல்லை. ஜுரான்சோன் என்று மொட்டையாக இருந்தால் அது இனிப்பு ஒயின். திராட்சைச் சர்க்கரை மிச்சம் நிற்கிற ஒயின் என்று பொருள். இனிக்காதது வேண்டுமென்றால் ‘ஜுரான்சோன் செக்’ என்று எழுதியிருக்க வேண்டும். இந்த ‘செக்’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். செக் என்றால் இனிப்பில்லாதது, தெமி-செக் என்றால் லேசான இனிப்பு, முவாலே என்றால் நல்ல இனிப்பு, தூ அல்லது லிகொரோ என்றால் பாகு மாதிரி. உங்கள் பக்கம் விற்கிற கஸ்கோஞ், காயாக் வெள்ளைகளிலும் செக், இனிப்பு என்ற இரண்டு வகையும் அடுத்தடுத்து ஒரே தட்டில் இருக்கும், பாட்டிலும் ஒரே சாயலில் இருக்கும். அல்சாஸ்காரர்கள் இந்தக் குழப்பத்தில் வெகுநாள் திட்டு வாங்கிவிட்டு, 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று விதி போட்டுக்கொண்டார்கள். மற்ற ஊர்களில் நாம்தான் தேட வேண்டும். முன்பக்கம் இல்லாவிட்டால் பின்பக்கம் பாருங்கள்.

இப்போது காசு. 6 யூரோ பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 1 யூரோ மதிப்புக் கூட்டு வரி, 20 சதவீதம். மது வரி பிரான்சில் ஒயினுக்கு மிகக் குறைவு, நூறு லிட்டருக்கு 4 யூரோ சுமார். ஒரு பாட்டிலுக்கு 3 சென்ட். மீதி 5 யூரோவில் கண்ணாடி, தக்கை, லேபிள், அட்டைப்பெட்டி, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் போக வேண்டும். இவற்றில் கண்ணாடியும் தக்கையும் லாரியும் 3 யூரோ பாட்டிலுக்கும் 12 யூரோ பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அதனால் 3 யூரோ பாட்டிலில் ஒயினுக்கு என்று மிஞ்சுவது சில்லறை. 4 யூரோவிலிருந்து 8 யூரோவுக்குப் போகும்போது, கூடுதலாகக் கொடுக்கிற காசில் நல்ல பங்கு பாட்டிலுக்குள்ளே போகிறது. அந்த ஏற்றம் 15 யூரோ வரை நாக்கில் தெரியும். அதற்குமேல் பெயரும் புகழும் கை நீட்ட ஆரம்பிக்கும். நீங்கள் சொன்ன 12 யூரோ உண்மையில் மிக நல்ல இடம், கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

அந்தக் காசைப் பெயருக்குக் கொடுக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மனை வாங்கப் போனால் நாம் என்ன செய்வோம்? மெயின் ரோட்டு மனைக்கு ஒரு விலை, அதற்குப் பின்தெருவில் ஒரு விலை. மண் ஒன்றுதான், கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான். ஒயினிலும் புகழ்பெற்ற ஊரை விட்டுவிட்டு அதன் பக்கத்து ஊரை வாங்குங்கள். வாடிக்கையாளர்களுக்கு நான் தினமும் சொல்வது இதைத்தான்.

சாந்த்-எமிலியோனுக்குக் கிழக்கே ஒட்டியே இருக்கிறது கஸ்தியோன். அதே சுண்ணாம்புப் பாறை மேடு எல்லையைத் தாண்டியும் தொடர்கிறது. அங்கேயும் மெர்லோ திராட்சைதான் அதிகம். லேபிளில் ‘கஸ்தியோன் கோத் தெ போர்தோ’ என்று இருக்கும், 9 யூரோவிலிருந்து நல்லது கிடைக்கும். பக்கத்திலேயே இருக்கிற பேர்போன பொமெரோல் என்றால் பாட்டில் விலையைக் கேட்டுவிட்டு மெதுவாக வெளியே வந்துவிடுவோம். ஆனால் பார்பான் என்ற சின்ன ஓடையைத் தாண்டினால் லலாந்த் தெ பொமெரோல், ஏறக்குறைய 12 முதல் 18 யூரோ. மேற்கே ஃப்ரோன்சாக் அதைவிடச் சல்லிசு. போர்தோவில் இப்போது விற்பனை மந்தம். 2023இல் இருந்து அரசு ஹெக்டேர் கணக்கில் உதவித்தொகை கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கவைக்கிற நிலைமை. விவசாயிக்குக் கொடுமை. ஆனால் வாங்குகிற நமக்கு, 8 முதல் 12 யூரோவில் இவ்வளவு நல்ல போர்தோ கிடைத்த காலம் எனக்குத் தெரிந்து இல்லை. போர்தோவில் 1855இல் போட்ட தர வரிசையில் இடம்பிடித்த அறுபது சொச்சம் சிவப்புத் தோட்டங்களை மட்டும் உலகம் துரத்துகிறது. மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ரோன் நதிப் பக்கம் ஷாதோநஃப்-து-பாப் பெயர்பெற்ற ஊர், 25 யூரோவுக்குக் கீழே நம்பி வாங்க முடியாது. அங்கிருந்து வடக்கே கொஞ்சம் போனால் கேரான். 2016இல்தான் அந்த ஊருக்குத் தனி க்ரூ அந்தஸ்து, தன் பெயரிலேயே விற்கிற உரிமை கிடைத்தது, பெயர் இன்னும் ஊரெல்லாம் பரவவில்லை, அதனால் விலையும் ஏறவில்லை. நதியின் எதிர்க்கரையில் லிராக். இரண்டும் கிரெனாஷ் திராட்சை, வெயில் குடித்த ஒயின், கனம் இருக்கும்.

ஆனால் சிவப்பில் என் கை தானாகப் போவது போஜொலே பக்கம். லியோனில் இருப்பதால் சொந்த ஊர்ப் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போஜொலே என்றால் பலருக்கு நவம்பர் மாதம் மூன்றாம் வியாழக்கிழமை வருகிற ‘நூவோ’, வாழைப்பழ வாசனை அடிக்கிற புது ஒயின்தான் தெரியும். அந்த விளம்பரத்தின் வெற்றியே ஊரின் பெயரைக் கெடுத்தது. அதே ஊரின் வடக்குப் பாதியில் கருங்கல் மலைச்சரிவுகளில் பத்து க்ரூ கிராமங்கள் இருக்கின்றன: மொர்கோன், ஃப்ளூரி, மூலான்-ஆ-வான், ஷிரூப்ல், ரெனியே, ப்ரூயி என்று. வேடிக்கை என்னவென்றால் இவர்களில் பலர் லேபிளில் போஜொலே என்ற சொல்லையே போடுவதில்லை, கிராமத்தின் பெயர் மட்டும்தான். திராட்சை கமே. 1395இல் பர்கண்டியின் கோமகன் துணிச்சல்கார ஃபிலிப், இந்தக் கொடி நம்பத்தகாதது, மோசமானது என்று தன் நாட்டிலிருந்தே பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். பினோ நுவார் திராட்சைதான் உசத்தி என்பது அவர் கட்சி. விரட்டப்பட்ட கமே தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் போய் நிமிர்ந்து நின்றது. அறுநூறு வருடம் கழித்தும் விலையில் அந்த ஆணை செல்லுபடியாகிறது: பினோ நுவார் போட்ட நல்ல பர்கண்டி 30 யூரோ என்றால், நல்ல மொர்கோன் 11, 12 யூரோ.

இதில் இன்னொரு வசதி, துவர்ப்பு குறைவு. அங்கே குலையைக் குலையாகவே, நசுக்காமல் தொட்டியில் போடுகிறார்கள். அடியில் உள்ளது பாரத்தில் நசுங்கிப் புளிக்க ஆரம்பிக்க, மேலே இருக்கிற பழங்கள் கரியமில வாயுவுக்கு நடுவே தோலுக்குள்ளேயே புளிக்கத் தொடங்கும். தோலில் இருந்து தானின் அதிகம் இறங்காது. பழ வாசனை தூக்கலாக இருக்கும். பாக்கு பிடிக்காத உங்களுக்கு ஃப்ளூரி அல்லது ரெனியே. கொஞ்சம் முதுகெலும்பு வேண்டுமென்றால் மொர்கோன், மூலான்-ஆ-வான்.

வெள்ளைக்கு வருவோம். இங்கே சூத்திரம் இன்னும் சுலபம். பெயர்பெற்ற சான்செர் 20 யூரோவை நெருங்கிவிட்டது. அதே சோவிஞோன் திராட்சை, அதே லுவார் நதிப் பக்கம், மெனெத்து-சலோன், கென்ஸி, ரொய்யி என்று பக்கத்து ஊர்கள் 12 யூரோ சுமாரில் நிற்கின்றன. இன்னும் மேற்கே தூரேன் சோவிஞோன் 7, 8 யூரோ. பர்கண்டியின் ஷப்லியும் விலையேறிவிட்டது. 2021 ஏப்ரல் உறைபனியில் மொட்டெல்லாம் கருகி, பர்கண்டி வெள்ளை முழுக்க ஒரு தூக்குத் தூக்கியது. அப்படி ஏறிய விலை முழுசாக இறங்கவில்லை. அந்த ஷார்தொனே திராட்சையே வேண்டுமானால் பர்கண்டியின் தென்கோடிக்குப் போங்கள்: மாகோன்-வில்லாஜ், வீரே-க்லெஸ்ஸே. 10 யூரோவுக்குக் கண்ணியமான ஒயின்.

எல்லாவற்றையும்விட மலிவான நல்ல வெள்ளை எது என்று யாராவது கேட்டால், நாந்த் நகரத்துப் பக்கத்து மியூஸ்கதே என்பேன். பெயரைக் கேட்டு மஸ்கட் திராட்சை, இனிப்பு என்று நினைத்து நிறையப் பேர் தொடமாட்டார்கள். அது சுத்தமான செக். திராட்சையின் பெயர் மெலோன் தெ பர்கோஞ், 1709இன் கொடுங்குளிரில் மற்ற கொடிகள் செத்தபோது குளிர் தாங்கி நின்றதால் அந்தப் பக்கம் பரவியது. லேபிளில் ‘சூர் லி’ என்று இருந்தால் அதை எடுங்கள். புளித்து முடித்த ஈஸ்ட் வண்டல் தொட்டி அடியில் படிந்திருக்கும். ஒயினை அதன் மேலேயே குளிர்காலம் முழுக்க வைத்திருந்து மார்ச் மாதத்துக்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது என்பது விதி. வண்டலில் இருந்து ஒரு மெல்லிய ரொட்டி வாசனையும் நாக்கில் சின்னக் குறுகுறுப்பும் வரும். 7 யூரோ. இன்னும் 5 யூரோ போட்டால் க்லிசோன், கோர்ஜ் என்று கிராமப் பெயர் போட்ட மியூஸ்கதே கிடைக்கும். வண்டலில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தது. பெயர் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தால் என் கடைக்கு வரும் விவரமானவர்களே இரட்டிப்பு விலை சொல்கிறார்கள். சிப்பி, இறால், நண்டு என்று கடல் சாமான் எதற்கும் இதுவே போதும். தெற்கே அதே வேலையைச் செய்வது பிக்பூல் தெ பினே. தோ என்ற உப்புநீர் ஏரிக் கரையில் விளைகிறது, அதே ஏரியில்தான் பூஸிக் சிப்பி வளர்க்கிறார்கள். ஒரே கரையில் இரண்டும்.

அல்சாஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது உங்கள் மீன் குழம்போடு வர வேண்டிய விஷயம்.

இவ்வளவு ஊர் சுற்றிவிட்டு உங்கள் வீட்டு வாசலைச் சொல்லாமல் விட்டால் தப்பு. துலூஸிலிருந்து முப்பது கிலோமீட்டர் வடக்கே ஃப்ரோந்தோன். நெக்ரெத் என்று ஒரு திராட்சை, அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டால் அதிகம் எங்கும் இல்லை. துலூஸின் பூ வயலட் அல்லவா, இந்த ஒயினிலும் அதே வாசனை, துவர்ப்பு மென்மை. 6, 7 யூரோவுக்கு வாங்கலாம், 10 யூரோவில் அந்த ஊரின் சிறந்ததில் ஒன்றையே எடுக்கலாம். வடகிழக்கே தார்ன் நதிக்கரையில் காயாக்; அதன் செக் வெள்ளையில் மோஸாக் திராட்சையின் ஆப்பிள் வாசனை. இன்னும் வடக்கே கயோர், மால்பெக்கின் பிறந்த வீடு, கறுப்பு ஒயின் என்று பேர் எடுத்தது. அர்ஜென்டினா மால்பெக் உலகமெல்லாம் ஓடுகிறது, பெற்ற தாய் இங்கே 9 யூரோவில் உட்கார்ந்திருக்கிறாள். மேற்கே மதிரான், தானா திராட்சை. பெயரிலேயே தானின் இருக்கிற மாதிரி துவர்ப்பு கட்டி ஏறும், உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். அதன் பக்கத்து ஊர் சாந்த்-மோன் கொஞ்சம் சாது. அங்கே சர்ராகாஷி என்ற இடத்தில் இருக்கிற பழங்கொடித் தோட்டம் ஒன்றை 2012இல் வரலாற்றுச் சின்னமாகவே அறிவித்துவிட்டார்கள், கோட்டை கொத்தளத்துக்குச் செய்வது போல.

லேபிளில் பார்க்க வேண்டியதை இரண்டு வரியில் சொல்கிறேன். பாட்டிலில் அடைத்தது யார்? ‘மி ஆன் புத்தேய் ஓ ஷாத்தோ’, ‘ஓ தொமேன்’, ‘அ லா ப்ரோப்ரியெத்தே’ என்று இருந்தால் திராட்சை விளைவித்தவர் தரப்பிலேயே அடைத்தது. கூட்டுறவுச் சங்கமும் மூன்றாவதைப் போடலாம். அதில் கேவலமில்லை, ஷப்லியிலும் சாந்த்-மோனிலும் கூட்டுறவுகளின் ஒயின் பல தனியார் தோட்டங்களைவிட நன்றாக இருக்கிறது. எங்கோ ஒரு அஞ்சல் எண்ணும் கம்பெனிப் பெயரும் மட்டும் இருந்தால், பல இடத்தில் வாங்கிக் கலந்தது என்று பொருள். கெடுதல் என்று இல்லை, ஆனால் பெயருக்குப் பின்னால் முகம் இல்லை.

‘கிரான் வேன்’, ‘வியேய் வீஞ்’ — பெரிய ஒயின், முதிய கொடிகள் — இவற்றில் முதிய கொடி என்பதற்கு எத்தனை வயது என்று சட்டத்தில் இல்லை. இருபது வருடக் கொடிக்கும் போடலாம், எண்பது வருடத்துக்கும் போடலாம். மெடலைப் பொறுத்தவரை, ஒரு போட்டியில் கலந்துகொண்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரிசு கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. மூன்றில் ஒன்று என்றாலே எவ்வளவு என்று பாருங்கள்! பாரிஸ் விவசாயக் கண்காட்சியின் ஓக் இலை போட்ட மெடலுக்குக் கொஞ்சம் மதிப்பு கொடுப்பேன். மற்றவற்றை ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓக் பீப்பாய் வாசனை பற்றிப் பெருமையடிக்கிற 5 யூரோ பாட்டிலையும் தள்ளி வையுங்கள். புதுப் பீப்பாய் ஒன்று 225 லிட்டர், 300 பாட்டில் பிடிக்கும். விலை எழுநூறு, எண்ணூறு யூரோ. பாட்டிலுக்கு இரண்டரை யூரோ பீப்பாய்க்கே போய்விடும். கணக்கு உதைக்கிறதா இல்லையா?

வருடம்? இந்த விலையில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை என்றால் போன வருடத்தது, அதற்கு முந்தினது. சிவப்பு இரண்டிலிருந்து நாலு வருடம். விளக்கு வெளிச்சத்துக்கு நேர் கீழே, மேல் தட்டில் தூசி படிந்து நிற்கிற பழைய வெள்ளையை மலிவு என்று எடுக்காதீர்கள்.

இனி உங்கள் மீன் குழம்பு. மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பான சிவப்பைக் குடித்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு வாய் எரியும். ஆல்கஹால் 14, 15 சதவீதம் என்றால் எரிகிற நெருப்பில் எண்ணெய். குழம்பில் புளியும் இருப்பதால், புளிப்பில்லாத ஒயின் பக்கத்தில் சப்பென்று தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஆகவே புளிப்பு நன்றாக, இனிப்பு லேசாக, ஆல்கஹால் குறைவாக. இதற்கு லுவாரின் வூவ்ரே தெமி-செக் பிரமாதம், ஷெனேன் திராட்சை. 10, 12 யூரோ. அல்லது அல்சாஸின் ரீஸ்லிங். கெவூர்ஸ்த்ராமினெர் என்று ரோஜாவும் லிச்சியும் மணக்கிற அல்சாஸ் வெள்ளை ஒன்று உண்டு. மசாலாச் சாப்பாட்டுக்கு அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கோழி வறுவலோடு சரி, புளிக்குழம்போடு என் வாய்க்கு ஒத்துவருவதில்லை, புளிப்பு போதாது. உங்கள் சொந்த ஜுரான்சோன் அனுபவத்தால் இனிப்பு என்றாலே பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், காரம் அந்த இனிப்பை விழுங்கிவிடும், நீங்கள் சொன்னால் ஒழிய வந்தவர்களுக்கு இனிக்கிறதென்றே தெரியாது. சிவப்பும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற விருந்தாளி இருந்தால், கோழி வறுவலுக்கு ரெனியேயை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள்.

ஆமாம், சிவப்பை ஃப்ரிட்ஜில். அறைச் சூட்டில் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு, வீடுகளில் ஹீட்டர் இல்லாத காலத்தில், அறையே 16, 17 டிகிரி இருந்தபோது வந்தது. 25 டிகிரி அறையில் சிவப்பு ஒயின் வேகவைத்த மாதிரி இருக்கும், ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும். வெள்ளைக்கு நேர்மாறு. 4 டிகிரி ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாசனை எதுவும் வராது. ஒரு கால் மணி வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். மிஞ்சியதைத் தக்கையால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது தக்கைக் கோளாறு. குற்றம் உங்களுடையது இல்லை; நல்ல கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார்.

எங்கே வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகள் ஒயின் சந்தை போடும்போது பெரிய பெயர்களைவிட, நான் மேலே சொன்ன பக்கத்து ஊர்களைத்தான் தேட வேண்டும். மற்ற மாதங்களில் தெருமுனை ஒயின் கடைக்குப் போங்கள். கடைக்காரன் நான் சொல்வதால் சந்தேகப்படலாம். இருந்தாலும் சொல்கிறேன்: கடைக்குள் நுழைந்ததும் முதலில் காசைச் சொல்லிவிடுங்கள். “12 யூரோவுக்குள், கஸ்ஸுலேக்கு, ரொம்பத் துவர்ப்பு வேண்டாம்” என்று சொன்னால் எனக்கு வேலை சுலபம். “ஏதாவது நல்லதாக ஒன்று” என்கிறவருக்குத்தான் பட்ஜெட்டை ஊகித்துக்கொண்டு முழிப்பேன்.

கஸ்ஸுலேக்கு: வெள்ளை பீன்ஸ், வாத்து, துலூஸ் தொத்திறைச்சி, கொழுப்பில் மிதக்கிற சமாச்சாரம். ஃப்ரோந்தோன் சிவப்பு ஒன்று, 9 அல்லது 10 யூரோவுக்கு. ஊர்க்காரர் வீட்டுக்கு அவர் ஊர் ஒயினையே கொண்டுபோனால் அலமாரிக்குப் போகாமல் மேசைக்கு வர வாய்ப்பு அதிகம், அட்டகாசமாகப் பேச்சும் ஆரம்பிக்கும். நீங்கள் ஒரு கிளாஸோடு நிறுத்துவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். உங்கள் மனைவிக்கு மேசையில் தண்ணீர்க் குடுவை எப்போதும் இருக்கும். காரில் போனால் இங்கே வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் என்றால் 0.2தான், அந்த இரண்டாவது கணக்கில் ஒரு கிளாஸே தாண்டிவிடும். ட்ராமில் போய்விடுங்கள், பாட்டிலை மடியில் நேராக நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.